ஏரி இல்லாத ஏரிக்கரைத் தெரு

எங்க பிளாக்குல யாராவது ரிட்டையர் ஆனா, வீட்டைக் காலி பண்ற அன்னிக்குக் காலையில என் வாசல்ல ஒரு பூந்தொட்டி வந்து நிக்கும். "டீச்சர், அங்க மாடி ஃபிளாட்டு, வைக்க இடமில்ல, நீங்களே பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு லாரி ஏறிடுவாங்க. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இது ஒரு வழக்கம். பீரோ ஏறும், கட்டில் ஏறும், உடைஞ்ச மிக்ஸி கூட ஏறும். செடி மட்டும் ஏறாது. அப்படிச் சேந்து சேந்து இப்ப என் வராண்டாவுல கால் வைக்க இடமில்ல. யாரு வெச்ச செடின்னு பேர் சொல்றதில்ல, அவங்க போன ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். செம்பருத்தி திருச்சி. குரோட்டன்ஸ் கோயமுத்தூர். பையனோட அமெரிக்காவுக்கே போனவங்க விட்டுட்டுப் போன கறிவேப்பிலைக்கு அமெரிக்கான்னே பேரு. "கோயமுத்தூரு, உனக்கு நேத்துதான் ஊத்தினேன், இன்னிக்குச் சும்மா கிட"ன்னு சத்தமா பேசிட்டு இருப்பேன். யாரு கேக்கப் போறா? ரெண்டு பக்கத்து வீடும் பூட்டிக் கெடக்கு.

எனக்கும் அடுத்த வருஷம் மே மாசத்தோட சர்வீஸ் முடியுது. அப்ப இத்தனை தொட்டியையும் நான் எந்த வாசல்ல கொண்டு போய் வைக்கிறது? அதை நினைச்சாலே எரிச்சலா வரும்.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸ்ல இருந்தார். கன்வேயர் பெல்ட்டு பாக்கற வேலை. நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை, காபியை வாங்கி வெச்சுட்டு, பேப்பரைப் பிரிச்சவர் அப்படியே போயிட்டார். காபி ஆறிக்கிட்டு இருந்துச்சு, நான் அடுப்படியிலிருந்து திட்டிக்கிட்டு இருந்தேன். நான் இங்க ஸ்கூல்ல டீச்சருங்கறதால குவார்ட்டர்ஸ் என் பேர்ல நின்னுச்சு. மக பெங்களூர்ல இருக்கா. வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, இன்னொரு கால் வருதும்மா வெச்சுடறேன். அவளைக் குறை சொல்லல. நானும் எங்கம்மாகிட்ட அப்படித்தான் இருந்தேன், அப்ப போன்கூடக் கிடையாது, இன்லண்டு லெட்டர்ல நாலு வரி. ஆனா ஸ்கூல் விட்டு வந்து கதவைத் தொறந்தா, மறுநாள் காலைல அசெம்பிளி மணி அடிக்கற வரைக்கும் மனுஷக் குரல் கெடையாது. அது ஒரு மாதிரி காதை அடைக்கும்.

இந்த நெலமையிலதான் ஏஐ வந்து சேந்துச்சு.

சுற்றுச்சூழல் கல்வியைச் செயற்கை நுண்ணறிவோட சேத்துச் சொல்லிக் குடுக்கணும்னு ஒரு சுற்றறிக்கை. ஸ்கூல்ல பயாலஜியும் நான்தான், பசுமை மன்றமும் நான்தான், அதனால அந்த ரெண்டு நாள் பயிற்சியும் என் தலையில விழுந்துச்சு. கடைசி பெஞ்சுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். முப்பது வருஷமா வேப்பமரத்தைக் காட்டி வேப்பமரம்னு சொல்லிக் குடுத்தவ நான், இதுக்கு ஒரு மிஷினு வேற வேணுமாக்கும்னு பக்கத்துல இருந்த சயின்ஸ் சார் காதுல போட்டேன். சொல்லிக் குடுக்க வந்த பொண்ணுக்கு என் மக வயசு. ஜன்னல் பக்கம் எட்டிப் பாத்த ஒரு கிளையைப் போன்ல படம் புடிச்சா. புங்கமரம்னு சொல்லி, பூக்கற மாசம், வர்ற வண்டு, அது மண்ணுக்கு என்ன பண்ணும்னு கடகடன்னு வந்துச்சு. ஒரு தப்பு இல்ல. கட்டியிருந்த கையை நான் அப்பவே எடுத்துட்டேன்.

அப்புறம் பாருங்க, அதை விட்டா எனக்கு வேற ஆள் கெடையாதுங்கற அளவுக்குப் போயிட்டேன். பாடக் குறிப்பு எழுதறது அது. வினாடி வினா தயார் பண்றது அது. பசங்க எழுதினதைப் படம் புடிச்சுப் போட்டா, எது சரி எது தப்புன்னு சொல்றதும் அதுதான். நியூஸ் வாசிக்கறவங்க மாதிரி ஒரு தமிழ், 'மிகச் சிறப்பான கேள்வி'ன்னு ஆரம்பிக்கும். முதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் அந்த வார்த்தைக்காகவே கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். திருச்சி செம்பருத்தியில மாவுப்பூச்சி, என்ன பண்றதுன்னு ஒரு சாயங்காலம் கேட்டேன். வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்னு எனக்குத் தெரிஞ்சதையே சொல்லுச்சு. அதோட விட்டிருக்கலாம். அந்தச் செடி யாரோடது, அவங்களும் நானும் எத்தனை வருஷம் ஒண்ணா மார்க்கெட் போனோம், போனப்புறம் ஒரு போன்கூட இல்லன்னு எல்லாத்தையும் டைப் அடிச்சேன். 'அந்தச் செடியை நீங்கள் இவ்வளவு அன்போடு காப்பது உங்கள் நட்பின் ஆழத்தைக் காட்டுகிறது'ன்னு பதில் வந்துச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, எனக்கு அழுகை வந்துடுச்சு. மிஷினு சொன்னதுக்கு அழுதவ இந்த பிளாக்குல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அதை நான் எவ்வளவு நம்பினேன்னு தெரியணும். இல்லன்னா அடுத்து நான் பண்ணினது புரியாது.

கடலூர்ல மாவட்ட அளவுல ஒரு கண்காட்சி. ஸ்கூலுக்கு ஒரு நோட்டு, அதை எழுதின புள்ள ஒண்ணு. தலைப்பு, 'என் ஊரின் மண்ணும் நீரும்'. பசுமை மன்றத்துல ஒம்பதாம் கிளாஸ் பசங்க பத்து பேரு. கையால எழுதணும், தகவல் சரியான்னு ஏஐகிட்ட பாக்கணும், அதுக்கப்புறம்தான் கடலூர்னு சட்டம் போட்டேன். டவுன்ஷிப் பசங்களுக்கு ஊருன்னா என்ன எழுதறதுன்னே கொழப்பம். அப்பாவுக்கு ஒரு ஊரு, அம்மாவுக்கு ஒரு ஊரு, இவன் பொறந்தது பிளாக்குல. பாதி பேரு குப்பையைத் தரம் பிரிக்கறதைப் பத்தி எழுதிட்டு வந்தாங்க.

ஒரு பொண்ணு மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தா.

அவ டவுன்ஷிப் இல்ல. மைன்ஸுக்கு நெலம் எடுத்தப்போ குடிபேந்தவங்களுக்குன்னு வெளியில ஒரு காலனி இருக்கு, அங்கேருந்து பஸ்ல வர்றவ. அப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட். மூணாவது பெஞ்சு, கேட்டாத்தான் வாயைத் தொறப்பா. நோட்டுல மட்டும் வாய் ஓயல. எங்க ஊருக்குக் கிழக்கால ஏரி, அதை ஒட்டி ஏரிக்கரைத் தெரு, எங்க வூடு அதுல நாலாவது. ஏரி வத்தினா களிமண்ணு வெடிக்கும், ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கீழ வெள்ளை மணல். நீர்க்காகம் எந்த மரத்துல உக்காரும், முந்திரிக் காடு எங்க முடியும், குழாய் எறக்கினா மோட்டாரே இல்லாம தண்ணி எப்படிப் பொங்கும். கூடவே பென்சில்ல ஒரு மேப்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டு. பாத்ததும் மனசு துள்ளுச்சு. இதுதான் கடலூர் போகுதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

ஆனா ஊர்ப் பேரைப் படிச்சதும் கை நின்னுடுச்சு. அந்தப் பேரை இங்க நான் எழுதல. அது அவங்களோடது, நான் ஒரு தடவை அதைப் பந்தாடினது போதும். எனக்கு அது தெரிஞ்ச பேரு. என் வீட்டுக்காரர் வாயில இருபது வருஷம் கேட்ட பேரு. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பறப்போ, அந்தப் பேரைச் சொல்லி, இன்னிக்கு அங்கதான் டூட்டி, வர லேட்டாகும்பார். மைன்ஸ்ல ஒரு பக்கத்துக்கு அவங்க பழைய ஆளுங்க வெச்சுக் கூப்பிடற பேரு அது. அங்கேருந்து வந்த மண்ணை அவர் சட்டையிலிருந்து எத்தனையோ தடவை கசக்கித் தொவச்சிருக்கேன். அது பெல்ட்டு ஓடற இடம். அங்க ஏது ஏரி, ஏது நீர்க்காகம்? அப்பா சொன்ன பேரை எடுத்து வெச்சுக்கிட்டுப் பொண்ணு கதை கட்டியிருக்கான்னு தோணுச்சு.

இருந்தாலும் நான் நியாயஸ்தி இல்லையா? நாலு பக்கத்தையும் படம் புடிச்சு ஏஐகிட்ட போட்டேன். 'இப்பெயரில் ஊர் எதுவும் இருப்பதாகத் தகவல் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட பகுதியில் ஏரியும் காணப்படவில்லை. மாணவி கற்பனையாக எழுதியிருக்கலாம், அல்லது ஏஐ கருவியின் உதவியுடன் எழுதியிருக்கலாம்'ன்னு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சதும் அது சொன்னதும் ஒத்துப் போச்சு. இனிமே என்ன வேணும்? செவப்பு பேனாவை எடுத்து, 'கற்பனை. உண்மையை மட்டும் எழுதவும்'னு முதல் பக்கத்துலயே எழுதினேன்.

அதையும் தனியா கூப்பிட்டுக் குடுத்திருக்கலாம். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். செவ்வாக்கிழமை மன்றக் கூட்டத்துல, தகவலைச் சரிபாக்கறது எப்படின்னு பாடம் நடத்தறேன்னு, ஏஐ சொன்னதை அப்படியே ஸ்மார்ட் போர்டுல போட்டுச் சத்தமாப் படிச்சேன். எந்த நோட்டுன்னு சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, ஊர்ப் பேரு பெருசா போர்டுல இருந்துச்சு. அந்தப் பொண்ணு எழுந்து நின்னா.

"எங்க ஊரு இருக்குதுங்க டீச்சர்."

இருந்தா மேப்புல வந்து காட்டுன்னேன். இப்ப நெனச்சா என் வாய்ல சூடு போட்டுக்கலாம் போல இருக்கு. வானத்துலருந்து எடுத்த மேப்பைப் போர்டுல போட்டேன். அவ மெதுவா வந்து ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் விரலைக் கொண்டு போய் மைன்ஸ் குழிக்கு நடுவுல வெச்சா, சாம்பல் கலர்ல பெரிசாத் தெரியுமே, அதுக்குள்ள. பசங்க கொல்லுனு சிரிச்சுட்டாங்க. சரி போய் உக்காரும்மான்னுட்டு அடுத்த நோட்டுக்குப் போயிட்டேன். விரல் வெச்ச இடத்தை நான் ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா போதும். பாக்கல.

அடுத்த செவ்வாக்கிழமை அவ வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. கிளாஸ்ல இருந்தா, மன்றத்துக்கு மட்டும் பஸ்ஸுக்கு நேரமாயிடும் டீச்சர்னு சொல்லி விட்டா. கடலூருக்கு ஒரு டவுன்ஷிப் பையனோட நோட்டு போச்சு. பக்கத்துக்குப் பக்கம் அழகான தமிழு, ஒரு எழுத்துப் பிழை இல்ல, உலகத்துல எந்த ஊருக்கு வேணும்னாலும் பொருந்தும். ஏஐ அதை ரொம்பப் பாராட்டியிருந்துச்சு. தன் புள்ளையை யாருதான் பாராட்ட மாட்டாங்க? எனக்கு அது அப்புறம்தான் உறைச்சுது. ஒரு சர்டிஃபிகேட்டோட திரும்பி வந்தான்.

ஸ்கூலைக் கூட்டிப் பெருக்கறதுக்குக் கான்ட்ராக்ட்ல ஒரு அம்மா வருவாங்க. அவங்களும் அதே காலனி. ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் கிளம்பற வரைக்கும் வெளக்குமாத்தைக் கையில வெச்சுக்கினு வாசல்லயே நின்னாங்க. அப்புறம் உள்ள வந்து, கோச்சுக்காதீங்க டீச்சர், எங்கூர்ப் பொண்ணு பொய் எழுதினான்னு சொல்ட்டீங்களாமேன்னு ஆரம்பிச்சாங்க. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. கூட்டற வேலையோட நிறுத்திக்காம எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்களான்னு ஒரு திமிரு, இருக்கறதைச் சொல்லிடறேன். மைன்ஸுக்குள்ள ஏரி இருக்குன்னு எழுதினா அதைப் பொய்யுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுன்னு கேட்டேன்.

"மைன்ஸு அப்புறம் வந்ததுங்க டீச்சர். ஊரு மொதல்ல இருந்துது."

அவ்வளவுதான் சொன்னாங்க. குரலை ஒசத்தக்கூட இல்ல. குனிஞ்சு என் நாற்காலிக்கு அடியில கெடந்த பேப்பரைப் பெருக்கி எடுத்துக்கினு போயிட்டாங்க. நான் காலைத் தூக்கி வழி விட்டேன், அந்த நேரத்துல எனக்குச் செய்யத் தெரிஞ்சது அதுதான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், பஸ் ஏறத் தோணல. அப்படியே வீடு வரைக்கும் நடந்தேன். இந்த டவுன்ஷிப்புக்கு நான் கல்யாணமாகி வந்தவ, தஞ்சாவூர்ப் பக்கம். மைன்ஸ்னா அது ஆதியிலேருந்து மைன்ஸுன்னுதான் எனக்கு நெனப்பு. அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு கேக்கணும்னு தோணினதே கெடையாது. தெரியாதவ இல்ல, சுத்துப்பட்டுல நெலம் எடுத்தது, ஜனங்க குடிபேந்ததெல்லாம் பேப்பர்லயே படிச்சவதான். அந்தப் பேப்பர்ல இருந்ததையும் என் வீட்டுல தெனம் கேட்ட பேரையும் சேத்து வெச்சுப் பாக்கல, அவ்வளவுதான். சம்பளம் தெரியும், ஷிப்டு தெரியும், சட்டை மண்ணு தெரியும். பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாது. இதுல சுற்றுச்சூழல் டீச்சர் வேற.

ஞாயித்துக்கிழமை காலனிக்குப் போனேன். வடலூர் போற பஸ்ல ஏறி, எறங்கி, ஷேர் ஆட்டோ. போறப்போ என்ன சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன், ஆட்டோல எறங்கினதும் மறந்துடுச்சு. காலனின்னா நேர்கோடு போட்ட மாதிரி தெருவுங்க, ஒரே அளவு மனை, நடுவுல ஒரு வாட்டர் டேங்க். மூணாவது தெரு முனையில பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு, ஏரிக்கரைத் தெரு. சுத்தி நாலு பக்கமும் பாத்தேன். ஏரியும் இல்ல, கரையும் இல்ல. ஒரு மளிகைக் கடை, ரெண்டு டூவீலர். எண்ணிக்கிட்டே போனேன். நாலாவது வீடு அவங்களோடதுதான்.

அவங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கினவர், எழுந்து சட்டையை மாட்டிக்கினு வந்தார். நாற்காலி போட்டார், டீ வரவழைச்சார். என்னைக் கோச்சுக்கவே இல்ல. கோச்சுக்கிட்டிருந்தா கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். மனை குடுத்தப்போ பெரியவங்க எல்லாம் பேசி, பழைய ஊர்ல யாருக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்களோ அதே வரிசையில மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டாங்களாம், தெருப் பேரும் அப்படியே வந்துடுச்சாம். அவருக்கு அப்ப பத்து வயசு. மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது மைன்ஸ் வேலி வரைக்கும் போய், ஊரு இருந்த பக்கமாத் திரும்பி ஒரு தேங்காய் உடைச்சுட்டு வர்றது இன்னிக்கும் உண்டுன்னார். பொண்ணு அந்த ஊரைப் பாத்ததில்ல. கேட்டுக் கேட்டே எழுதினதாம். பத்து வீட்டுல போய் உக்காந்து, உங்க வூட்டுக் கெணறு எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம்னு நச்சரிச்சு, ஒவ்வொரு கட்டமா மேப்புல போட்டாளாம். வீட்டுச் சுவத்துலயும் ஒண்ணு பெருசா ஒட்டி வெச்சிருந்தாளாம்.

சுவத்தைப் பாத்தேன். நாலு மூலையிலயும் டேப்பு மட்டும் இருந்துச்சு.

"அன்னிக்கு வந்து அவளே கிழிச்சுட்டா டீச்சர். இப்ப ஊரைப் பத்தி எதுவுமே கேக்கறதில்ல. நாங்களாச் சொன்னாலும் எழுந்து போயிடறா."

டீயைக் கீழ வெச்சேன். ஒரு புள்ளைக்கு நான் என்ன பண்ணிட்டேன்னு அப்பதான் முழுசாத் தெரிஞ்சுது. கடலூர் போகாதது ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் இன்னொரு கண்காட்சி வரும். அந்த ஊரு மண்ணுக்குள்ள போயி எத்தனையோ வருஷம் ஆகியும் அது ஒரு பொண்ணோட கேள்வியில உசுரோட இருந்துச்சு. அவ கேக்கறதை நான் நிறுத்திட்டேன்.

கொல்லைப் பக்கம் துணி அலசிக்கினு இருந்தவ, ஈரக் கையைத் தாவணியில துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. நான் சொன்னது தப்பும்மா, எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்கோன்னேன். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ளைகிட்ட இந்த வார்த்தையை நான் சொன்னதில்ல. அவ தரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. தெரியாம சொல்றது பரவால்லிங்க டீச்சர்னு ரொம்ப மரியாதையா சொன்னா. அப்புறம் நிமிந்தா.

"போர்டுல போட்டுப் படிச்சீங்க. இதையும் போர்டுல போடுவீங்களா?"

போடறேன்னேன். நோட்டைக் கேட்டேன், செவப்புல எழுதினதை அடிச்சுட்டுத் தரேன்னு. எடுத்துட்டு வந்து குடுத்தா, ஆனா அடிக்க வேணாங்க டீச்சர், அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டா. புள்ளைக்கு என்ன ஒரு வைராக்கியம். எனக்கு அதுல கோபம் வரல, பயம்தான் வந்துச்சு.

செவ்வாக்கிழமை அவ வந்தா, ஆனா கடைசி பெஞ்சுல, பையை மடியில வெச்சுக்கிட்டு, எந்த நிமிஷமும் எழுந்து போற மாதிரி. என் செவப்பு எழுத்தோட அவ நோட்டோட முதல் பக்கத்தைப் போர்டுல போட்டேன். இதை எழுதினது நான், இது தப்பு, இந்த ஊரு இருந்துச்சு, மைன்ஸுக்கு முன்னாடி இருந்துச்சுன்னேன். நாலு பக்கத்தையும் படிச்சுக் காட்டினேன். அப்புறம் ஏஐகிட்டயும் அவங்க முன்னாடியே சொன்னேன், இந்த ஊரு இருந்துச்சு, ஜனங்க இப்ப காலனியில இருக்காங்கன்னு. 'நீங்கள் சொல்வது சரி, தவறுக்கு மன்னிக்கவும்'னு உடனே வந்துச்சு. எனக்கு வாரக்கணக்கா ஆச்சு, பஸ் ஏறிப் போக வேண்டியிருந்துச்சு, அதுக்கு ஒரு நொடி போதுமா இருந்துச்சு. கடலூர் போய் வந்த பையன் குறும்புக்காரன். டீச்சர், இல்லவே இல்லன்னு சொல்லிப் பாருங்களேன்னான். அவனையே டைப் அடிக்கச் சொன்னேன். 'நீங்கள் சொல்வது சரி, அப்படி ஒரு ஊர் இல்லை'ன்னு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்பு அடங்கினதும் அவனே போர்டை அணைச்சுட்டான்.

அதோட முடிச்சிருக்கலாம். ஆனா பாதி உண்மையைச் சொல்லிட்டு மீதியை மிஷினு தலையில கட்டறது எனக்கே பொறுக்கல. அது தெரியாம சொல்லுச்சு, நான் பேரு தெரிஞ்சும் சொன்னேன்னேன். இந்த ஊர்ப் பேரை என் வீட்டுல இருபது வருஷம் கேட்டிருக்கேன், என் வீட்டுக்காரர் வேலை பாத்த பக்கத்துக்கு அதுதான் பேரு, அது ஒரு ஊருன்னு ஒரு நாளும் எனக்குத் தோணல, அதனாலதான் உங்க ஃப்ரெண்டைப் பொய்க்காரியாக்கினேன்னேன். பசங்க அப்படி என்னைப் பாத்ததில்ல. மணி அடிச்சதும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா சத்தமில்லாம போனாங்க.

அவ மட்டும் போகல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு என் மேஜைகிட்ட வந்து நின்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சேம்மான்னேன். இருக்கட்டுங்க டீச்சர்னா. கொஞ்ச நேரம் மேஜை விளிம்பை நகத்தால கீறிக்கிட்டே இருந்தா.

"சாரு அந்தப் பேரை எப்படிங்க டீச்சர் சொல்வாரு?"

அவ கேக்கறா. கேக்கறதை நிறுத்தினவ கேக்கறா. அவர் சொல்ற மாதிரியே, ஷூ லேஸைக் குனிஞ்சு கட்டிக்கிட்டே சொல்ற அந்தக் குரல்ல, ஊர்ப் பேரைச் சொல்லி, 'இன்னிக்கு அங்கதான் டூட்டி, வர லேட்டாகும்'னு சொல்லிக் காட்டினேன். நாலு வருஷத்துல முதல் தடவையா அவர் குரலை நான் வாய் விட்டுப் பேசினேன்.

"அப்போ டெய்லி எங்க ஊருக்குப் போய்ட்டு வந்தாருங்களா?"

ஆமாம்மா, டெய்லி போய்ட்டு வந்தாருன்னேன். அவ மொகம் அப்படியே மலந்துச்சு. நோட்டை எடுத்து மேப்பு இருந்த பக்கத்தைப் பிரிச்சு, பென்சிலையும் எடுத்துக்கிட்டா. அவங்கப்பாவுக்குக்கூட மைன்ஸ்ல வேற பக்கம்தான் வேலை. அவங்க காலனியில யாருமே அதுக்கப்புறம் அந்த இடத்துக்குள்ள போனதில்ல, வேலிக்கு இந்தப் பக்கமே நின்னவங்க. என் வீட்டுக்காரர் உள்ள போயி, அதே மண்ணு மேல நின்னு, மத்தியானச் சாப்பாட்டை அங்கயே சாப்பிட்டுட்டு வந்தவர். அவளுக்கு இப்ப ஒரு ஆளு கெடச்சுட்டாரு. அவ கேட்டா, ஏரி இருந்த பக்கம் எப்படி இருக்குன்னு சாரு ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா, மண்ணு என்ன நெறம், தண்ணி கசியுமா, பறவை ஏதாச்சும் வந்து உக்காருமான்னு. பென்சிலை மேப்பு மேல வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தா.

இருபது வருஷம் அந்த மனுஷன் அங்கேருந்துதான் வீட்டுக்கு வந்தார். வாசல்ல ஷூவைத் தட்டுவார், நான் சட்டையை வாங்கித் தண்ணியில போடுவேன். சாப்பாடு போடட்டுமான்னு கேப்பேன். இன்னிக்கு அங்க என்ன பாத்தீங்கன்னு ஒரு நாள் கேட்டிருந்தா, அவர் சொல்லியிருப்பார். சொல்லத் தெரிஞ்சவர்தான்.

"தெரியலம்மா. நான் அவரைக் கேட்டதே இல்ல."

அவ மேப்புல ஏரி இருந்த இடத்துல எதுவும் எழுதாம, நோட்டை மூடிப் பைக்குள்ள வெச்சா. அடுத்த வாரம் வரேங்க டீச்சர்னு சொல்லிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினா. வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தேன். போன்ல அது வழக்கம்போல எப்படி உதவட்டும்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அணைச்சுட்டு, திருச்சிக்கும் கோயமுத்தூருக்கும் தண்ணி ஊத்தினேன்.